மாத்திரையை எதோட முழுங்கறீங்க?

இன்னிக்கு எபிசோடை எங்க அத்தை வீட்டுக் கொல்லைப்புறத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அத்தைக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். சில வருஷம் முன்னாடி அவங்களுக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்தாங்க. வரும்போது கையில ஒரு தாள் கொடுத்து அனுப்பினாங்க. முழுக்க ஆங்கிலம். எந்த மாத்திரை எப்போ, எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது. அதுல ஒரு வரி: கிரேப்ஃப்ரூட் கூடாது.

மாமா அதை வாசிச்சார். கிரேப்னா திராட்சை, ஃப்ரூட்னா பழம். முடிஞ்சது. அன்னிலேர்ந்து அந்த வீட்டுக்குள்ள திராட்சை வரல. பாயசத்துல மிதக்கிற கிஸ்மிஸைக்கூட அத்தை ஸ்பூனால எடுத்து ஓரமா வெச்சிடுவாங்க. "மக்களே, ரெண்டு வருஷமா ஒரு திராட்சைகூட வாயில வைக்கல, பாத்துக்கோ"ன்னு என்கிட்டயே பெருமையா சொல்லியிருக்காங்க.

அந்த ரெண்டு வருஷமும் கொல்லையில நின்ன பம்பளிமாஸ் மரம் காய்ச்சுத் தள்ளிச்சு. அத்தைக்கு அந்தப் பழம்னா உசிரு. தடித்தோலைக் கீறி, சுளையை உரிச்சு, லேசா உப்பும் மிளகாய்த்தூளும் தூவி மதிய நேரத்துல உக்காந்து சாப்பிடுவாங்க.

ஒரு செக்கப்ல ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அத்தை சாப்பிடுற மருந்துக்குப் பேர் டாக்ரோலிமஸ். வேற ஒருத்தர் கொடுத்த கிட்னியை உடம்பு எதிரின்னு நினைச்சுத் தாக்காம பார்த்துக்கிற மருந்து. அளவு குறைஞ்சா புதுக் கிட்னியை உடம்பு நிராகரிச்சிடும். அளவு கூடினா அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். கயிற்று மேல நடக்கிற மாதிரி. அன்னிக்கு ரத்தத்துல அந்த அளவு கூடியிருந்தது.

மாத்திரையை ரெண்டு தடவை போட்டுட்டீங்களான்னு டாக்டர் கேட்டார். இல்லை. வேற புது மருந்து ஏதாவது? இல்லை. அப்புறம் சாப்பாடு, காபி, பழம்னு வரிசையா கேட்டுக்கிட்டே வந்தார். பம்பளிமாஸ்னு அத்தை சொன்னதும் பேனாவைக் கீழ வெச்சிட்டார். பழத்தை நிறுத்தச் சொன்னார். மாத்திரை அளவு அதேதான். அடுத்த பரிசோதனையில மருந்தின் அளவு இறங்கிடுச்சு.

இந்தக் கதையைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே கேள்வி. ஒரு பழம் எப்படி ஒரு மாத்திரையோட அளவைக் கூட்டும்? இதை யார், எப்படிக் கண்டுபிடிச்சாங்க? தேடிப் போனா, அது ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ்ல போய் நின்னுது.

லண்டனில் ஒரு சனிக்கிழமை

லண்டன்னு சொன்னதும் இங்கிலாந்துக்குப் போயிடாதீங்க. இது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிற லண்டன். அங்கேயும் தேம்ஸ் என்ற பேரில் ஓர் ஆறு ஓடுகிறது.

1980களின் பிற்பகுதி. அங்கே டேவிட் பெய்லி என்ற மருந்தியல் ஆய்வாளர் வேலை செய்துகொண்டிருந்தார். இவருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1966-ல் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.1 விநாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் மைலை முடித்த முதல் கனடியர் ஆனவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸிலும் ஓடினார். விநாடியின் பத்தில் ஒரு பங்கைக்கூட விட்டுக்கொடுக்காமல் வளர்ந்த மனிதர் என்பதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தக் கதையில் அது பிறகு உதவும்.

அப்போது ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து புதுசு. பி.பி. மாத்திரை போடுகிறவர் கொஞ்சம் மதுவும் குடித்தால் என்ன ஆகும் என்பதுதான் பெய்லி குழுவின் கேள்வி. இதற்கு ஒரு சோதனை வடிவமைத்தார்கள். ஆட்களுக்கு மாத்திரையோடு ஒரு நாள் மது கலந்த பானம், இன்னொரு நாள் மது கலக்காத பானம். எதில் மது இருக்கிறது என்பது குடிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசே முடிவை மாற்றிவிடும்.

அப்படியென்றால் மதுவின் சுவையை மறைக்க ஏதாவது வேண்டும். அந்தக் கதையைப் பின்னாளில் பெய்லி குழுவே எழுதியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஜூஸ் வகைகளை ஒவ்வொன்றாக மதுவோடு கலந்து பார்த்திருக்கிறார்கள். சுவையை நன்றாக மறைத்தது ஒன்றே ஒன்று. கசப்பும் புளிப்புமான கிரேப்ஃப்ரூட் ஜூஸ்.

அவ்வளவுதான் தேர்வு. அதற்குப் பின்னால் எந்தக் கோட்பாடும் இல்லை. மேடையில் திரைச்சீலை கட்டுகிற மாதிரி, பின்னால் நிற்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. நிற்கவைத்தார்கள்.

அது என்ன பழம்?

கிரேப்ஃப்ரூட் நம்ம ஊர்ல அவ்வளவா விளையறதில்லை. அதனால பேரும் பழகல. சாத்துக்குடி இல்லை, கமலா ஆரஞ்சும் இல்லை, திராட்சை சத்தியமா இல்லை. கொத்துக்கொத்தாய்த் திராட்சை மாதிரி காய்ப்பதால் அந்தப் பேர் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதன் பிறப்பிடம் கரீபியன் கடலில் இருக்கிற பார்படோஸ் தீவு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போன பம்பளிமாஸும், இனிப்பு ஆரஞ்சும் அங்கே அக்கம்பக்கத்தில் வளர்ந்து, தானாகக் கலந்து பிறந்த பிள்ளை இது. 1750-ல் கிரிஃபித் ஹியூஸ் என்ற பாதிரியார் பார்படோஸின் இயற்கை வரலாற்றை எழுதியபோது இதை 'விலக்கப்பட்ட கனி' என்று குறிப்பிட்டார். ஏதேன் தோட்டத்து ஞாபகத்தில் வைத்த பேர். கிட்டத்தட்ட 240 வருஷம் கழித்து அந்தப் பேருக்கு ஒரு மருத்துவ அர்த்தம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பம்பளிமாஸை டச்சுக்காரர்கள் 'பொம்பல்மூஸ்' என்பார்கள். காதில் வாங்கினாலே நம்ம சொல்லுக்கு அது சொந்தக்காரன் என்று தெரியும். அத்தை வீட்டு மரமும் அமெரிக்கக் காலைச் சாப்பாட்டு மேசையும் ஒரே குடும்பம்.

தப்பாக வந்த எண்

சரி, சோதனைக்கு வருவோம். முடிவுகள் வந்தன. மது குடித்த நாளிலும் குடிக்காத நாளிலும் ரத்தத்தில் மருந்தின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கட்டுரை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று உறுத்தியது. இரண்டு நாட்களிலுமே மருந்தின் அளவு ரொம்ப அதிகம். அதே அளவு மாத்திரை கொடுத்து மற்றவர்கள் முன்பு பதிவு செய்திருந்ததைவிடப் பல மடங்கு.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தறேன். ஏன்னா இந்தக் கதையோட உயிரே இங்கதான் இருக்கு. சோதனையோட கேள்வி மதுவைப் பத்தி. ரெண்டு நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தா எந்தப் பிரச்சினையும் இல்லை. ரெண்டு நாளும் ஒரே மாதிரி தப்பா இருந்தா, தப்பு கண்ணுலயே படாது. வெளியில இருக்கிற வேற ஒரு ஆய்வோட எண்ணை எடுத்து வெச்சுப் பார்த்தாதான் தெரியும். பெரும்பாலானவங்க அதைப் பார்க்கவே மாட்டாங்க. பார்த்தாலும், நம்ம லேப் மெஷின்ல ஏதோ கோளாறுன்னு கடந்து போயிடுவாங்க. இவர் கடக்கல.

மாத்திரை அளவைத் தப்பாகக் கொடுத்தோமா? சரிபார்த்தார்கள். இல்லை. ரத்தத்தில் அளந்த முறையில் பிழையா? இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் இருந்தது ஒன்றுதான். திரைச்சீலை. அந்த ஜூஸ்.

பெய்லி தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். ஒருமுறை ஃபெலோடிபினைத் தண்ணீரோடு. இன்னொருமுறை கிரேப்ஃப்ரூட் ஜூஸோடு. ஜூஸோடு எடுத்தபோது அவர் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்குறைய 5 மடங்கு.

மது பற்றிய கட்டுரை 1989-ல் வெளிவந்தது. ஜூஸ் பற்றிய முறையான ஆய்வு 1991-ல் 'லான்செட்' இதழில் வந்தது. லேசான ரத்த அழுத்தம் உள்ள 6 ஆண்கள். தண்ணீரோடு கொடுத்தபோது உடம்புக்குள் போன மருந்து 100 என்று வைத்துக்கொண்டால், கிரேப்ஃப்ரூட் ஜூஸோடு சராசரியாக 284. ஒருவருக்கு 164, இன்னொருவருக்கு 469. ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தபோது இந்த மாற்றம் எதுவும் இல்லை.

ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. இது ஏதோ ஜோக் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள், நல்ல இதழில் வெளியிடவே சிரமப்பட்டோம் என்று பெய்லி பிறகு பேட்டியில் சொன்னார். நியாயம்தானே? கோடிக்கணக்கான பேர் காலையில் குடிக்கிற ஜூஸ். கூடவே மாத்திரையும் போடுகிறார்கள். இத்தனை வருஷமா யாருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

இருந்திருக்கிறது.

இரண்டு டோல்கேட்

இது எப்படி நடக்கிறது என்பதற்கு நம்ம ஹைவேயை நினைச்சுக்கோங்க.

நீங்கள் முழுங்குகிற மாத்திரை முழுசாக ரத்தத்துக்குப் போவதில்லை. வழியில் டோல்கேட் இருக்கிறது. ஈரல்தான் அந்த டோல்கேட் என்று மருத்துவ உலகம் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வருகிற ரசாயனத்தை அங்கே இருக்கிற நொதிகள், அதாவது என்ஸைம்கள், உடைத்துப் போடும். ஃபெலோடிபின் மாதிரி மருந்தில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம்தான் தப்பித்து ரத்தத்துக்குப் போகும். மாத்திரை தயாரிப்பவர்கள் இந்த இழப்பைக் கணக்குப் போட்டுத்தான் மில்லிகிராமை முடிவு செய்கிறார்கள்.

அப்படியானால் ஜூஸ் ஈரலைத் தாக்குகிறதா? ஸ்வீடனில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஃபெலோடிபினை மாத்திரையாகக் கொடுக்காமல் ரத்தக்குழாயில் ஊசியாக ஏற்றினார்கள். கூடவே கிரேப்ஃப்ரூட் ஜூஸ். இந்த முறை ஜூஸால் மருந்தின் அளவு கூடவில்லை. ஊசி மருந்து ஈரல் வழியாகப் போகும், ஆனால் குடல் சுவரைத் தாண்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அப்போ விஷயம் நடக்கிற இடம் குடல்.

1997-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பால் வாட்கின்ஸும் பெய்லியும் சேர்ந்த குழு இதை நேரடியாகவே பார்த்தது. சில நாட்கள் தொடர்ந்து ஜூஸ் குடித்த ஆரோக்கியமான ஆண்களின் சிறுகுடல் சுவரிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அங்கே சி.ஒய்.பி.3ஏ4 என்ற ஒரு நொதி உண்டு. இன்று புழக்கத்தில் இருக்கிற மருந்துகளில் ஏறக்குறைய பாதியைக் கையாளுகிற நொதி என்று இதைச் சொல்வார்கள். ஜூஸ் குடித்தபின் குடலில் அதன் அளவு 62 சதவீதம் குறைந்திருந்தது. ஈரலில் அதன் வேலை மாறவில்லை.

அதாவது ஈரலுக்கு முன்னாடியே குடல் சுவரில் இன்னொரு டோல்கேட் இருக்கிறது. அது இவ்வளவு பெரிய டோல்கேட் என்பதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு டம்ளர் ஜூஸ்.

ஜூஸ் அந்த டோல்கேட் ஊழியர்களைத் தூங்கவைப்பதில்லை, வேலையை விட்டே அனுப்பிவிடுகிறது. நொதி ஒருமுறை செயலிழந்தால் திரும்ப வேலை செய்யாது, குடல் புதுசாகத்தான் உற்பத்தி செய்யணும். அதற்கு ஓரிரு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். அதனால்தான் "காலையில ஜூஸ், ராத்திரி மாத்திரை, இடைவெளி விட்டுட்டேனே"ங்கிற கணக்கு இங்கே பலிக்காது.

பழத்துக்குள் இருக்கிற குற்றவாளி யார்? முதலில் சந்தேகம் விழுந்தது நரிஞ்சின் மேல். கிரேப்ஃப்ரூட்டுக்குக் கசப்பைத் தருகிற பொருள் அது. ஆளைப் பார்த்தாலே திருடன் மாதிரி இருக்கும் என்பார்களே, அப்படி. ஆனால் நரிஞ்சினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது ஜூஸ் செய்த வேலையை அது செய்யவில்லை. பிறகு ஃபியூரனோகூமரின் என்ற வகைப் பொருட்கள் மேல் பார்வை திரும்பியது. 2006-ல் மேரி பெய்ன் என்ற ஆய்வாளரின் குழு, ஜூஸிலிருந்து அந்த ஃபியூரனோகூமரின்களை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுத்துப் பார்த்தது. விளைவு ஏறக்குறைய காணாமல் போனது. வழக்கு முடிந்தது. நரிஞ்சின் விடுதலை.

அந்தப் பேரை மறந்துடாதீங்க. அவர் திரும்ப வருவார்.

தும்மலுக்குப் போட்ட மாத்திரை

இதுவரை கேட்டது அறிவியல் சுவாரசியம். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று காட்டிய மருந்துக்குப் பேர் டெர்ஃபெனடின்.

அலர்ஜிக்கு மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்பதுதான் அதுவரை எல்லாரும் அறிந்த விஷயம். தூக்கம் வராத அலர்ஜி மாத்திரையாக 1985-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது டெர்ஃபெனடின். தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, எல்லாவற்றுக்கும் டாக்டர்கள் தைரியமாக எழுதினார்கள்.

இந்த மருந்தில் ஒரு வினோதம். டெர்ஃபெனடின் அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. குடலிலும் ஈரலிலும் இருக்கிற அதே சி.ஒய்.பி.3ஏ4 அதை வேறொரு பொருளாக மாற்றிவிடும். அலர்ஜியைத் தடுப்பது அந்த மாறிய பொருள்தான். டோல்கேட் ஒழுங்காக வேலை செய்கிற வரை பிரச்சினை இல்லை. வேலை செய்யாவிட்டால் மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் கூடிவிடும். அது இதயத்தின் மின் ஓட்டத்தைக் குலைத்து, துடிப்பைத் தாறுமாறாக்கி, உயிரையே எடுக்கக்கூடியது.

1989-ல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் 39 வயதுப் பெண் ஒருவர் திரும்பத் திரும்ப மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்தார். டெர்ஃபெனடினோடு கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பூஞ்சை மருந்து டோல்கேட்டை மூடியிருந்தது. அவர் பிழைத்தார். அவர் கதை மருத்துவ இதழில் வந்து, மருந்து உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

மருந்து மூடிய அதே கேட்டை ஒரு ஜூஸும் மூடும் என்பது அப்போது தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த 1990களிலேயே மருத்துவ இதழ்களில் இன்னொரு பதிவும் வந்தது. டெர்ஃபெனடின் எடுத்துக்கொண்டிருந்த 29 வயது இளைஞர். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் குடித்துவிட்டு, வீட்டுப் புல்தரையை வெட்டப் போனார். உடம்புக்கு முடியாமல் போய், இறந்துவிட்டார்.

ஒரு சாதாரண விடுமுறை நாள் காலை மாதிரிதான் இருந்திருக்கும் அது. தும்மலுக்கு ஒரு மாத்திரை, குடிக்க ஜூஸ்.

1998-ல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக என்ன வந்தது தெரியுமா? உடம்பு டெர்ஃபெனடினை என்னவாக மாற்றியதோ, அந்தப் பொருளையே நேரடியாக மாத்திரையாக்கினார்கள். இதயத்தைத் தொந்தரவு செய்யாது, டோல்கேட்டை நம்பி இருக்கவும் வேண்டாம். அதன் பேர் ஃபெக்சோஃபெனடின்.

இந்தப் பேர் உங்களில் நிறைய பேருக்குத் தெரியும். எனக்கு ரொம்ப நல்லாவே தெரியும். சென்னை டஸ்ட்டுக்கு நான் போடுற மாத்திரை அதுதான்.

கதை தலைகீழாகிறது

பெய்லி இங்கே நிறுத்தவில்லை. 2002-ல் ஜார்ஜ் டிரெஸ்ஸரும் அவரும் சேர்ந்து ஃபெக்சோஃபெனடினைச் சோதித்தார்கள். தண்ணீரோடு ஒருமுறை. கிரேப்ஃப்ரூட், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு ஒவ்வொரு முறை. ஜூஸோடு கொடுத்தால் மருந்து கூடும் அல்லது ஒன்றும் ஆகாது என்பதுதானே இதுவரைக்கும் பாடம்?

குறைந்தது. தண்ணீரோடு 100 என்றால், மூன்று ஜூஸிலும் 30 முதல் 40 வரைதான் உடம்புக்குள் போனது. இது மூன்று மணி நேரத்தில் மொத்தம் 1.2 லிட்டர் ஜூஸ் கொடுத்துச் செய்த சோதனை. யார் அவ்வளவு குடிப்பாங்கன்னு கேக்கறீங்களா? பிறகு 300 மில்லி கிரேப்ஃப்ரூட் ஜூஸை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

ஹைவே உதாரணத்துக்கே திரும்பப் போவோம். சில மருந்துகள் குடல் சுவரைத் தானாக நடந்து தாண்டிவிடும். ஃபெக்சோஃபெனடினால் முடியாது. அதற்கு ஆட்டோ வேண்டும். ஓ.ஏ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடத்திப் புரதங்கள்தான் அந்த ஆட்டோ. ஜூஸ் அந்த ஆட்டோவை மறிக்கிறது. ஏற முடியாத மாத்திரை குடல் வழியாகவே வெளியே போய்விடுகிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அட்டெனோலால் மாத்திரையும் ஆரஞ்சு ஜூஸோடு எடுத்தால் கணிசமாகக் குறைகிறது என்று 2005-ல் ஃபின்லாந்தில் கண்டார்கள்.

ஆட்டோவை மறிக்கிறது யார்? 2007-ல் பெய்லி குழு விடை சொன்னது. கிரேப்ஃப்ரூட்டில் முக்கியமான ஆள் நரிஞ்சின். முதல் வழக்கில் சந்தேகப்பட்டு விடுதலையான அதே நரிஞ்சின், அடுத்த வழக்கில் மாட்டிக்கொண்டது.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரல. ஒரு வருஷத்துக்கு மேல தினமும் காலையில ஆபீஸ் போற வழியில ஃபெக்சோஃபெனடினை ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸோடதான் முழுங்கிட்டு இருந்தேன். வைட்டமின் சி நல்லதுதானே, அலர்ஜிக்கும் உதவும்னு ஒரு நினைப்பு வேற. தும்மல் நிக்கல. மாத்திரை வேஸ்ட், பிராண்டை மாத்தணும், டோஸைக் கூட்டணும்னுதான் யோசிச்சேன். முழுங்கின விதம் பத்தி ஒரு நாள்கூட யோசிக்கல. ஜூஸ்தான் முழுக் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. தண்ணிக்கு மாறினதுக்கு அப்புறம் காலை நேரம் கொஞ்சம் நிம்மதியா இருக்குன்னு மட்டும் சொல்லலாம்.

பட்டியல் எவ்வளவு நீளம்?

2012-ன் கடைசியில் பெய்லி, டிரெஸ்ஸர், ஆர்னால்ட் மூவரும் கனடிய மருத்துவச் சங்க இதழில் கணக்கெடுத்து எழுதினார்கள். கிரேப்ஃப்ரூட்டோடு மோதக்கூடிய மருந்துகள் 85-க்கு மேல். அதில் கடுமையான விளைவை ஏற்படுத்தக்கூடியவை 2008-ல் 17, 2012-ல் 43. நான்கே வருஷத்தில். பழம் மாறவில்லை, புதிய மருந்துகள் வந்துகொண்டே இருந்தன.

பயமுறுத்த இதைச் சொல்லல. எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. நம்ம வீடுகளில் ரொம்ப சகஜமான பி.பி. மாத்திரை அம்லோடிபின், ஃபெலோடிபினோட அதே குடும்பம். ஆனால் அதில் பெரும்பகுதி ஏற்கனவே டோல்கேட்டில் மாட்டாமல் போய்விடுவதால், ஜூஸ் குடித்தாலும் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரைகளிலும் அப்படித்தான். சிம்வாஸ்டாடினுக்கு கிரேப்ஃப்ரூட் பெரிய ஆபத்து. அடர்த்தியான ஜூஸை நாளுக்கு மூன்று வேளை கொடுத்துச் செய்த ஒரு சோதனையில் மருந்து 16 மடங்கு ஏறியது. ரோசுவாஸ்டாடினை அது அந்த மாதிரி தொடுவதில்லை. மாத்திரைக்கு மாத்திரை வேறு. ஆளுக்கு ஆளும் வேறு. 164-ம் 469-ம் ஒரே அறையில் இருந்தவர்கள்தானே?

இதை நல்லதுக்குப் பயன்படுத்தலாமே என்று உங்களுக்குத் தோணலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதையும் முயன்றார்கள். சிரோலிமஸ் என்ற மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது தினம் ஒரு டம்ளர் கிரேப்ஃப்ரூட் ஜூஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2012-ல் வந்த முடிவின்படி மருந்தின் அளவு ஏறக்குறைய 350 சதவீதம் கூடியது. ஆனால் அங்கே ஜூஸின் வீரியத்தை அளந்து கொடுத்தார்கள், ரத்தத்தையும் அளந்துகொண்டே இருந்தார்கள். கடையில் வாங்குகிற பழத்துக்கு எந்த லேபிளில் மில்லிகிராம் போட்டிருக்கும்? வீட்டில் இதை யாரும் முயலக்கூடாது.

கொல்லைப்புறத்துக்குத் திரும்ப

டேவிட் பெய்லி 2022-ல் காலமானார். உலகம் முழுக்க மாத்திரை அட்டைகளில் கிரேப்ஃப்ரூட் பற்றி ஒரு எச்சரிக்கை வரி இருக்கிறதென்றால், அதன் தொடக்கம் அவர் ஒதுக்கித் தள்ளாத அந்த ஒரு எண்தான்.

ஆனா அந்த வரி அவ்வளவு தூரம் பயணம் பண்ணி, எங்க அத்தை வீட்டு வாசல்ல வந்து திராட்சையா மாறிடுச்சு. கண்டுபிடிச்சதுல குறை இல்லை. தாள்ல எழுதினதுலயும் குறை இல்லை. ஆங்கிலத்துல ஒரு பழத்தோட பேரை எழுதிட்டு, அந்தப் பழத்தோட சொந்தக்காரன் இந்த ஊர் கொல்லையில நிக்கறான்னு யாரும் சொல்லல. பம்பளிமாஸ்லயும் அந்த ஃபியூரனோகூமரின் இருக்கு. உறுப்பு மாற்று மருந்துகளை அது ஏத்திவிட்டதுக்கு மருத்துவ இதழ்கள்லயே பதிவு இருக்கு. தாள்ல தமிழ்ல இன்னும் ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தா போதும்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். இன்னிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி மாத்திரையை எதோட போடுறாங்கன்னு கேளுங்க. சந்தேகம் வந்தா நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, அளவையும் மாத்தாதீங்க. பழத்தோட பேரை நம்ம ஊர்ப் பேர்லயே சொல்லி டாக்டர்கிட்டயோ, மருந்துக்கடையில இருக்கிற பார்மசிஸ்ட்கிட்டயோ கேளுங்க. மத்தபடி ஒரு டம்ளர் தண்ணி. அதுக்கு ஈடா எதுவும் இல்லை.

அத்தை இப்ப நல்லா இருக்காங்க. மரத்தை வெட்டல. பழம் பழுத்தா அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துடறாங்க. கொடுக்கும்போது ஒரு கேள்வி கேக்காம கொடுக்கிறதில்லையாம்: "நீ ஏதாவது மாத்திரை போடுறியா மக்களே?"

திராட்சை திரும்ப வீட்டுக்குள்ள வந்துடுச்சு. போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ பாயசத்துல கிஸ்மிஸ் எப்பவும்விட நிறையவே மிதந்தது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.